தணிகைவேல் சாரின் மூன்றாவது சிவப்பு

கழுத்துப்பட்டை வந்த நாளிலிருந்து என் உத்தியோகம் கொக்கி மாட்டுவது என்று ஆகிவிட்டது. நாலு வருடப் படிப்பு, அதற்கு மேல் இரண்டு வருடம், பிறகு பதினெட்டு வருட அனுபவம், கடைசியில் ஒரு கொக்கி. ‘தமீமா, பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சை நிபுணர்’ என்று என் அறைக் கதவில் போட்டிருக்கிறது. வார்டில் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்துவதை நிறுத்தி வெகுகாலமாகிறது.

பக்கவாதத்தில் கை விழுந்தால் தெரியும், கால் விழுந்தால் தெரியும், தொண்டை விழுந்தால் தெரியாது. குடிக்கிற தண்ணீர் இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குள் வழிதவறிப் போகும். சிலருக்கு ஒரு செருமல்கூட வராது. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், அப்புறம் நிமோனியா. பாசத்தோடு ஊட்டிய ஒரு கரண்டி பாயசம் ஆளைக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சோதித்துப் பார்க்கும்வரை பக்கவாத நோயாளிக்கு வாய்வழியாக எதுவும் தரக்கூடாது. பட்டைக்கு முன்னால் அந்தச் சோதனையை நான்தான் செய்வேன். நிமிர்த்தி உட்காரவைத்து, குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, விழுங்கியதும் ‘ஆ’ சொல்லச் சொல்வேன். குரலில் நீர் கொளகொளத்தால் உஷாராகிவிடுவேன்.

இப்போது பட்டையைக் கழுத்தில் சுற்றிக் கொக்கியை மாட்டினால் போதும். நோயாளி மூன்று வாய் தண்ணீர் குடிப்பார். பட்டை தொண்டையின் சத்தத்தையும் மூச்சையும் தசையையும் கேட்டுப் பத்து நொடியில் விளக்கைப் போடும். பச்சை என்றால் சாப்பிடலாம், சிவப்பு என்றால் கூடாது. அது சமையலறையோடும், நோயாளிக்குக் காப்பீடு கட்டும் ஆபீசோடும் பேசிக்கொள்ளும். பச்சை வந்தவரின் கட்டிலருகே போய் நின்றால்தான் சாப்பாட்டு வண்டியின் மூடி திறக்கும். பத்து நாளில் மூன்று சிவப்பு வந்துவிட்டால் வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைக்க, ஆபரேஷன் தியேட்டரில் அதுவே நேரம் குறித்துவிடும். மனிதர்கள் குறுக்கே வரலாம். அதற்கு ஏழு பக்கப் படிவம் இருக்கிறது. யாரும் நிரப்பிப் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் தணிகைவேல் சார் வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. முகத்தின் வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது, வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, மூக்கில் பால் போவதற்கான மெல்லிய குழாய். பேச்சு லேசாகக் குழறினாலும் தோரணை குறையவில்லை. தொழில் என்ற கட்டத்தில் ‘தனியார் ஊழியர்’ என்று எழுதியிருந்தது. குன்னூரில் பாதிப் பேர் தனியார் ஊழியர்தான், அதனால் நான் மேலே கேட்கவில்லை.

நாலாம் நாள் முதல் சோதனை. கொக்கியை மாட்டி, இடது கையில் தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்தேன். கோப்பையை வாயருகே கொண்டுபோய் ‘ஸ்ஸ்ர்ர்ப்’ என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை விலக்கிப் பார்த்தார். பிறகு எதையோ தேடுவது போல இடமும் வலமும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் விழுங்கினார். இரண்டாவது வாயும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. பட்டை சிவப்பு காட்டியது. உதடு ஒரு பக்கம் மூடவில்லை, அதனால் உறிஞ்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பட்டையின் வரைபடத்தில் தண்ணீர் தொண்டைக்கு வருகிற அதே நேரத்தில் மூச்சு உள்ளே போயிருந்தது. அதைவிட ஆபத்து வேறில்லை.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. தினமும் அவர் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் அவர் யாரையாவது குறை சொல்லிக்கொண்டிருப்பார். நடுநடுவே தன் எச்சிலைச் சுத்தமாக விழுங்குவார். குரல்வளை ஜம்மென்று மேலே ஏறி இறங்கும். இந்தத் தொண்டையா சிவப்பு? பட்டை செய்யும் கம்பெனியின் உதவிப் பெட்டிக்கு எழுதினேன். நொடியில் பதில் வந்தது: ‘லட்சக்கணக்கான தொண்டைகளைக் கேட்டு எங்கள் பட்டை கற்றிருக்கிறது. நோயாளியைச் சரியாக விழுங்கச் சொல்லவும்.’ கீழே ஒரு சிரிக்கும் பொம்மை முகமும் போட்டிருந்தது.

ஏழாம் நாள் இரண்டாவது சோதனையிலும் சிவப்பு. இந்த முறை சத்தம் இன்னும் நீளம். நரம்பியல் டாக்டர் பிரணவ் விளக்கைப் பார்த்துவிட்டு, “வயித்துக் குழாய்க்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க சார்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். நல்ல பையன்தான். அவர் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் விளக்கைப் பார்ப்பார்.

தணிகைவேல் சாரின் மனைவி பூங்கோதை அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். தினமும் ஒரு பிளாஸ்க் வரும். கணவருக்குக் கொடுக்கக்கூடாது என்று தெரியும், தனக்குத்தான். இஞ்சி, ஏலக்காய், நாட்டுச்சர்க்கரை எல்லாம் சேர்த்துக் கொதிக்கவைத்த டீயின் வாசனை வார்டையே எழுப்பும். தணிகைவேல் சார் அந்தப் பிளாஸ்கைப் பார்க்கிற பார்வை, மாமியார்கள் மருமகளின் முதல் சாம்பாரைப் பார்க்கிற பார்வை.

“பாவம், சாருக்கு ஆசையா இருக்கும்ல அக்கா?” என்றேன்.

பூங்கோதை சிரித்துவிட்டார். “ஆசையா? கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல என் டீயை வாயில வெச்சதில்லைங்க மேடம். கஷாயம்னுதான் பேரு. வீட்டுல அவருக்கு வெந்நீர் மட்டுந்தான்.”

“ஏன்?”

“அவரு டீ டேஸ்டருங்க. ஏலத்துக்கு வர்ற டீயெல்லாம் இவரு வாயில போயிட்டுத்தான் வெளிய போகும். ஒரு நாளைக்கு முந்நூறு கப்பு, உறிஞ்சி உறிஞ்சித் துப்புவாரு.”

நான் எழுந்தே விட்டேன். உறிஞ்சித் துப்புவாரா! முதல் சோதனையில் இடமும் வலமும் தேடியது துப்புகிற தொட்டியை! லட்சக்கணக்கான தொண்டைகளைக் கேட்ட பட்டை ஒரு டீ டேஸ்டரின் தொண்டையைக் கேட்டதில்லை. தொழில் கட்டத்தில் ‘தனியார் ஊழியர்’ என்றிருந்ததைப் பார்த்துவிட்டு மேலே கேட்காத என்னை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன்.

கட்டிலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் தணிகைவேல் சார் பாடமே எடுத்தார். “நாக்கு பாக்கறது கால்வாசிதான் மேடம். காத்தோட சேத்து இழுத்தாத்தான் டீ பூ மாதிரி தெறிச்சு மேல மூக்கு வரைக்கும் போகும். அங்கதான் அசல் விஷயம். எந்த எஸ்டேட்டு, எந்தச் சரிவு, இலை பறிச்ச அன்னிக்கு மழையா வெயிலான்னு சொல்லிடுவேன்.”

“அந்தக் காத்துதான் சார் உங்களுக்கு வினை. தண்ணியை எல்லாரையும் போல சத்தமில்லாம குடிங்க. பச்சை வந்துடும்.”

“முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம்” என்றார். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். பதினெட்டு வருட அனுபவம், சொன்னேனே.

மூன்றாவது சோதனைக்கு மூன்று நாள் இருந்தது. பழக்கத்தை நம்பி மனிதரின் வயிற்றில் துளைபோட விட மனமில்லாமல், பட்டைக்கு முந்தைய காலத்துக் கேமராவை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். மெல்லிய குழல், நுனியில் கேமரா. மூக்கு வழியாக இறக்கினால் தொண்டையை மேலிருந்து பார்க்கலாம். ஒன்பதாம் நாள் மதியம், பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தேன், பிறகு கோப்பையில். மூக்கில் குழல் இருக்கும்போது யாருக்கும் வித்தை காட்ட வராது. அவர் சத்தமில்லாமல் குடித்தார். திரையில் பச்சை நீர் வந்தது, மூச்சுக்குழாயின் கதவு மூடியது, நீர் உணவுக்குழாய்க்குள் போனது. மூச்சுப் பாதையில் ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லை.

“பாருங்க சார், உங்க தொண்டை பிரமாதம்!” என்றேன்.

பூங்கோதை கைதட்டினார். சார் மட்டும் காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாணவன் போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. கேமராவே சொல்லிவிட்டது, இனி என்ன பயம் என்று, “அக்கா, பிளாஸ்கை எடுங்க. மூணு ஸ்பூன், என் பொறுப்பு” என்றேன். ஒன்பது நாளாகச் சோதனைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்காத மனிதர், வீட்டு டீயைத் திட்டவாவது செய்யட்டும் என்றுதான் நினைத்தேன். பூங்கோதை டீயை ஆற்றி, ஸ்பூனில் எடுத்து, “கஷாயம் வருது, வாயைத் திறங்க” என்று ஊட்டினார். ஒரு ஸ்பூன், இரண்டு, மூன்று. அழகாக விழுங்கினார்.

“எப்படி இருக்கு?” என்று பூங்கோதை வேண்டுமென்றே கேட்டார்.

“நல்லா இருக்கு” என்றார் அவர்.

பூங்கோதையின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஸ்பூனைக் கீழே வைத்தார். பிளாஸ்கின் மூடியை நிதானமாகத் திருகி மூடினார். எனக்கு இன்னும் உறைக்கவில்லை, பாராட்டினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

“எத்தனை நாளாங்க?” என்று கேட்டார் பூங்கோதை.

அவர் இடது கையால் போர்வையைச் சரிசெய்தார்.

“என் டீயை நல்லா இருக்குன்னு சொல்றீங்க. எத்தனை நாளாத் தெரியலை?”

“ரெண்டாம் நாளு” என்றார் தணிகைவேல் சார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “நர்சு எலுமிச்சைத் தண்ணியில துணி நனைச்சு வாயைத் துடைச்சாங்க. ஈரம் தெரிஞ்சுது. புளிப்புத் தெரியலை. மூக்குல குழாய் இருக்கறதாலன்னு நெனச்சேன். வாசனைக்கு அது சரி, புளிப்பு நாக்குல தெரியணுமே? அப்புறம் உப்பு வெச்சுப் பாத்தேன். உன் கஷாயமும் இப்ப வெந்நீர்தான்.”

மூளையில் அந்தச் சின்ன ரத்தக்கட்டி, கையையும் முகத்தையும் தொட்ட கையோடு, ருசி போகிற வழியையும் அடைத்துவிட்டுப் போயிருந்தது. எந்தக் கருவியும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தொண்டை திறந்திருக்கிறதா என்று ஆளாளுக்குப் பார்த்தோமே தவிர, உள்ளே போவது என்ன ருசி என்று யாரும் அவரிடம் விசாரிக்கவில்லை.

“முதல் சிவப்பு பழக்கத்துல வந்தது மேடம், சத்தியமா” என்றார். “விளக்கைப் பாத்துட்டு எல்லாரும் பாவம்னாங்க. ஆபீஸ்லேருந்து போன் பண்ணி, தொண்டை போச்சா சார், என்ன பண்றது, விதின்னாங்க. அப்பத்தான் தோணிச்சு. ரெண்டாவது சிவப்பு நானாப் போட்டது.”

“வயித்துல ஓட்டை போடுவாங்க சார்!”

“போடட்டும். தொண்டை போச்சுன்னா அது வியாதி. மரியாதையா ஒரு மாலை போட்டு அனுப்பிடுவாங்க. நாக்கு போச்சுன்னா நான் யாரு? பச்சை வந்தா அந்தத் தகவல் பட்டையிலிருந்தே ஆபீசுக்குப் போயிடுமாம். திங்கக்கிழமை முந்நூறு கப்பு முன்னால நிப்பாட்டுவாங்க. எல்லாம் வெந்நீர். நாளைக்கு மூணாவது சிவப்பு வரட்டும் மேடம். நீங்க கேமராவை எடுத்ததை மறந்துடுங்க. கொக்கியை மட்டும் மாட்டுங்க.”

கொக்கியை மட்டும் மாட்டு என்று கம்பெனி சொல்லாமல் சொன்னபோது வராத கோபம் அப்போது வந்தது. அதே சமயம் அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் பூங்கோதை ஆரம்பித்துவிட்டார்.

“உங்க நாக்கு கெட்டுடும்னு இருபத்தாறு வருஷமா என் வீட்டுல பூண்டு உரிச்சதில்லை. பெருங்காயம் இல்லை. கருவாடு இல்லை. மல்லிப்பூ வாசனை மூக்குல ஏறுதுன்னீங்க, பேர்ல இருக்கற பூவோட நிறுத்திக்கிட்டேன். பவுடர்கூடப் போட்டதில்லை. நீங்க ஒரு வேளை ரசஞ்சோறு சாப்பிடறதை நான் பக்கத்துல உக்காந்து பாத்ததில்லை, தயிர்சோறும் வேகவெச்ச காயும்தான். அந்த நாக்கு உங்க ஒருத்தரோடதா? அதுல பாதி நான் வளத்தது.” மூச்சு வாங்கிக்கொண்டார். “போச்சுன்னா என்கிட்ட சொல்றதில்லையா? ஊருக்குச் சொல்ல வெக்கமா இருந்தா இருக்கட்டும். எனக்கு எதுக்கு மறைச்சீங்க?”

“உனக்குத்தான் முதல்ல வெக்கமா இருந்துது” என்றார் அவர்.

பூங்கோதைக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, வழக்கமான குரலில், “வயித்துல குழாய் வெச்சா நான் யாரோட உக்காந்து சாப்பிடறது? பாலை மேல ஊத்திட்டு நான் மட்டும் தனியாத் திங்கணுமா? அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார்.

அன்று மாலை ஏழு பக்கப் படிவத்தை இறக்கி வைத்தேன். மூன்றாவது சிவப்பு வந்தால் கேமராப் பதிவை இணைத்து நான் கையெழுத்துப் போட்டுக் குழாயை நிறுத்தலாம். ஆனால் ‘நோயாளி வேண்டுமென்றே தோற்கிறார்’ என்று காரணமும் எழுத வேண்டும். எழுதினால் பட்டை அதையும் ஆபீசுக்கு அனுப்பிவிடும். எழுதாவிட்டால் நல்ல தொண்டை இருக்கிற மனிதருக்கு வயிற்றில் துளை. ஏழாவது பக்கம் வரைக்கும் நிரப்பி, காரணம் என்ற கட்டத்தில் வந்து நின்றுவிட்டேன்.

பத்தாம் நாள் காலை டாக்டர் பிரணவ் வந்தார். தியேட்டர் நேரம் பதினொன்றரைக்குத் தயாராக இருக்கிறது என்றார், கல்யாண மண்டபம் கிடைத்துவிட்டது போன்ற திருப்தியோடு. பூங்கோதை கட்டிலின் மறுபக்கம் நின்றார். நான் கொக்கியை மாட்டினேன், சாரின் முகத்தைப் பார்க்காமல் கோப்பையைக் கொடுத்தேன்.

அவர் இடது கையில் கோப்பையை வாங்கிக்கொண்டார். பிறகு தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு சத்தமும் இல்லாமல், ஊரில் எல்லோரும் குடிக்கிற மாதிரி ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய் குடித்தார். மூன்றாவதற்கு முன் பூங்கோதையை ஒருமுறை பார்த்துவிட்டு அதையும் குடித்தார். பட்டை பத்து நொடி யோசித்துப் பச்சை விளக்கைப் போட்டது.

“அட!” என்றார் டாக்டர், நோயாளியை முதல்முறையாகப் பார்த்து.

இரண்டு நிமிடத்தில் சாரின் கைபேசி அடித்தது. பட்டை சொன்ன சொல் தவறாது. மறுமுனையில் ஆபீஸ் மேலாளர் உற்சாகமாகப் பேசுவது எனக்கே கேட்டது. திங்கட்கிழமை, புதுக் கொழுந்து, முந்நூறு கப். பூங்கோதை போனை வாங்கக் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

“தொண்டை நல்லா இருக்கு சார்” என்றார், குழறாமல் இருக்க ஒவ்வொரு சொல்லாக. “நாக்குதான் போயிடுச்சு. ருசியே தெரியலை. வேற ஆளைப் பாத்துக்கோங்க.” மறுமுனை ஏதோ சமாதானம் சொன்னது. “இல்ல சார், குழாயால இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகும் கை போனை விடவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். படிப்பில் சொல்லித்தரவில்லை, இருந்தாலும் பிடித்துக்கொண்டேன்.

சாப்பாட்டு வண்டி உருண்டு வந்து கட்டிலருகே மூடியைத் திறந்தது. குழைந்த இட்லி, சட்னி, ஒரு டம்ளர் ஆஸ்பத்திரி டீ. அவர் டம்ளரை எடுத்தார். நிறத்தைப் பார்த்தார், லேசாக ஆட்டிப் பார்த்தார். பிறகு அதைப் பூங்கோதையிடம் நீட்டினார்.

“குடிச்சுப் பாரு.”

“நானா?”

“நீதான்.”

பூங்கோதை ஒரு வாய் குடித்தார்.

“எப்படி இருக்கு?”

“கேவலமா இருக்குங்க.”

“கேவலம்னா? எப்படிக் கேவலம்? சரியாச் சொல்லு.”

பூங்கோதை முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். “நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி.”

“அது இலை பழசு. கசப்பு எங்க நிக்குது, நுனியிலயா, ஓரத்துலயா?”

“தெரியலைங்க.”

“காத்தோட சேத்து இழு. வெக்கப்படாத, சத்தம் வரணும்.”

பூங்கோதை என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். டம்ளரை வாயில் வைத்து, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் இழுப்பு இழுத்தார்.

“ஓரத்துல” என்றார், கண் விரிய.

“எந்த ஓரம்?” என்று கேட்டுக்கொண்டே தணிகைவேல் சார் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.